தவிசாளர் மீது வந்த இரண்டு முறைப்பாடுகள்

விசாரணைக் கோவை ஒன்று கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முறைப்பாட்டை ஒழுங்காக வாசிக்கமாட்டீர்கள். முறைப்பாடு செய்தவள் யாருடைய ஆள், அவளுக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்று தொலைபேசியில் நாலு பேரைக் கேட்பீர்கள். பழியை உங்கள் மேல் மட்டும் போடவில்லை, பிள்ளைகளே. நம் மாவட்டத்தில் அப்படிக் கேட்காதவர் யார்? எனக்கும் நான் வேலை செய்த கந்தோரில் 'சந்தேகக்காரி' என்றுதான் பட்டப்பெயர். கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டே சொல்வார்கள், எனக்குக் கேட்காது என்ற நினைப்பில்.

சந்தேகப்படுவது நம் தொழிலில் பிழையில்லை. ஒரு பக்கத்தை மட்டும் சந்தேகப்பட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழும்புவதுதான் பிழை. அரசியல்வாதி ஒருவர் மீது ஒரு பெண் பாலியல் தொந்தரவு என்று முறைப்பாடு கொடுத்தால் அந்தக் கோவையைத் தொட எல்லோரும் பயப்படுவார்கள், கடைசியில் உங்களைப்போல் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். அதனால் எனக்கு வந்த ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்.

வன்னியில் சண்டை முடிந்து சில மாதம்தான். எங்கள் பக்கம் அதற்கு முந்தியே தேர்தல் வைத்துச் சபைகளெல்லாம் வந்துவிட்டன. சுனாமி வீட்டுத்திட்டங்கள் பாதி குடியேறி, பாதி கூரையில்லாமல் நின்றன. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த ஒரு பிரதேச சபை. எது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அதன் தலைமைக் கதிரையில் இருந்த தவிசாளர் சும்மா ஆளில்லை. சுனாமி அன்று கழுத்தளவு தண்ணீருக்குள் போய்ப் போய் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர். பிறகு முகாமை நடத்தியவர். ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகமும் அவர் கையில். அவர் தெருவில் நடந்தால் பெண்கள் எழும்பி நிற்பார்கள். அது பயத்தினால் அல்ல, உண்மையான நன்றியினால்.

அவர் மீதுதான் முறைப்பாடு. கொடுத்தவள் சபையின் நூலகத்தில் வேலை செய்த சுபாஜினி, நிரந்தர நியமனமில்லாத அமைய ஊழியர். அந்த மாதம் அமைய ஊழியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டது. நிரந்தரமாக்குவது பற்றிக் கதைக்க வேண்டுமென்று தவிசாளர் தன்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார், கையைப் பிடித்து இழுத்தார், பாசிக்குடாவில் ஒரு விடுதிக்கு வந்தால் நியமனம் தானாக வரும் என்றார், தான் கையை உதறிக்கொண்டு வெளியே வந்த சில நாளில் வேலையை நிறுத்திவிட்டார் என்பது அவள் முறைப்பாடு. தகப்பனில்லாத வீடு. அந்தச் சம்பளத்தில்தான் தாயும் தங்கச்சியும் சாப்பிட்டார்கள்.

மாகாண நிர்வாகம் என்னை விசாரணை அதிகாரியாக நியமித்தது. எனக்கு உடனே ஒரு சிக்கல். என் தம்பியின் மகனைச் சுனாமியில் தூக்கிக்கொண்டு வந்தவர் இதே மனிதர். அதை மறைத்துக்கொண்டு விசாரணைக்குப் போய் உட்கார முடியுமா? நியமித்தவர்களுக்கு எழுதினேன். இரண்டு பக்கமும் சம்மதித்தால் செய்யுங்கள் என்றார்கள்.

விசாரணையைச் சபைக் கட்டடத்தில் வைக்கவில்லை. அவருடைய கதிரை இருக்கிற கட்டடத்தில் அந்தப் பிள்ளை எப்படி வாய் திறப்பாள்? வாவியின் அடுத்த கரையில், வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலை விடுமுறையில் கிடந்தது. அதில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைகளைப் போட்டேன். முறைப்பாட்டின் பிரதியை முன்கூட்டியே தவிசாளருக்கு அனுப்பியிருந்தேன். அவருடைய கேள்விகளை எழுதித் தரவேண்டும், நான்தான் அவளிடம் கேட்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

முதல் அமர்வில் என் மருமகன் விஷயத்தை இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னேன். "இதால நான் ஒரு பக்கம் சாய்வன் எண்டு நினைச்சா இப்பவே சொல்லுங்க. வேற ஆளைப் போடுவாங்க."

தவிசாளர் சிரித்தார். "எனக்கென்ன மிஸ் ஆட்சேபணை? மருமகன் சுகமா இரிக்கிறாரா? இப்ப நல்லா வளந்திருப்பார்."

சுபாஜினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னையும் அவர்தான் மிஸ் தூக்கினவர். மறுகா முகாமில இரிக்கக்குள்ள இந்த வேலையும் அவர்தான் எடுத்துத் தந்தவர். அதையெல்லாம் நான் இல்லையெண்டு சொல்லல்ல. அறைக்குள்ள நடந்ததச் சொல்லத்தான் வந்தன். நீங்களே விசாரிங்க."

அந்தச் சிரிப்பும் அந்தச் சுகம் விசாரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று தொடங்கி ஒவ்வொரு அமர்விலும் வாசலில் வைத்தே கேட்பார், "மருமகன் சுகமா மிஸ்?" என்று. கேட்டதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் எரிச்சல் சாட்சியமாகாது. அவர் பதில் சுருக்கமாக இருந்தது: அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் அறைக்குள் வரவேயில்லை, எதிர்த்தரப்பு உறுப்பினர் சொல்லிக்கொடுத்து எழுதுவித்த கதை இது. அதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

பிறகு தொடங்கியது வீட்டுக்கு ஆட்கள் வருவது. முதலில் தவிசாளர் பக்கத்தால் இரண்டு பெரிய மனிதர்கள், வெள்ளை வேட்டியோடு.

"அந்தப் புள்ளட நல்லதுக்குத்தான் மிஸ் சொல்லுறம். நாளைக்குக் கலியாணம் காட்சி நடக்கவேண்டிய புள்ள. ரெண்டு பக்கக் குடியாக்களையும் கூப்பிட்டு இருத்திக் கதைச்சு முடிப்பம்."

எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குடியின் பெரியவர்கள் கூடியிருந்து பேசினால் தீராத சோலி இல்லை என்பார்கள். வயல் வட்டையில் வரம்புச் சண்டை என்றால் தீரும், நானும் கண்டிருக்கிறேன். இதில் என்ன தீரும்? ஒருவர் தலையைத் தடவி, மற்றவர் வாயைப் பொத்துவார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அடுத்த நாள் எதிர்த்தரப்பு உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரும் அதே ஊர், அதே கோயில்.

"இன்னும் என்னத்த மிஸ் விசாரிக்கிற? ஊருக்கே தெரியும் அந்தாள் எப்படியெண்டு. நாளைக்கு எழுதிக்குடுங்க, நாளையிண்டைக்குப் பட்டாசு கொளுத்துறம்."

"ஊருக்குத் தெரியுமெண்டா ஊரில ஒராள வந்து சொல்லச் சொல்லுங்க" என்றேன். "நீங்க கண்டீங்களா? இல்லத்தானே. பட்டாச வீட்டில வைங்க."

நான் அந்த ஆளிடம் காசு வாங்கிவிட்டேன் என்று அவர் சந்தியில் நின்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சொல்லட்டுமே. இரண்டு பக்கமும் என்னைத் திட்டிய கிழமைகளில்தான் எனக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

இரண்டாவது அமர்வுக்குச் சுபாஜினி வந்து இருக்க முதலே ஓட்டோவில் இன்னொரு பெண் வந்து இறங்கினாள். ரஞ்சிதம் என்று பெயர். சுனாமி வீட்டுத்திட்டத்தில் தகரக் கொட்டிலில் இருக்கிறவள். தவிசாளர் தனக்கும் இப்படிச் செய்தார், சொல்ல வேண்டும் என்றாள். வாக்குமூலம் எழுத என்னோடு வந்திருந்த எழுதுவினைஞர் பெண் என்னைப் பார்த்தாள், அவள் முகத்தில் ஒரு சந்தோசம். இரண்டு பெண்கள் சொன்னால் முடிந்ததுதானே. நானும் மனுசிதான், ஒரு நிமிடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முறைப்படி அவள் வாக்குமூலத்தை எடுத்தேன். தவிசாளருக்குப் படித்துக் காட்டினேன். சபைக் கந்தோருக்கு வீட்டு விஷயமாகப் போனபோது பின்னேரம் அறையில் வைத்து நடந்தது என்றாள். எப்போது என்று கேட்டேன். வைகாசியில் ஒரு திங்கட்கிழமையைத் திகதியோடு சொன்னாள், பாடமாக்கிய பிள்ளை மாதிரி.

அந்தத் திகதி எனக்கு இடித்தது. வருசத்தில் ஒருமுறை வைகாசியில்தான் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. அந்த ஊரில் அன்றைக்கு அடுப்பு மூட்டவும் ஆள் வீட்டில் இருக்காது. வண்ணக்கர் கையில் காப்புக் கட்டியிருப்பார், கோயில் வெளிவீதியைத் தாண்டமாட்டார். ரஞ்சிதம் சொன்ன திகதி அந்த வருசத்துக் குளிர்த்தி நாள்.

"அண்டைக்கு நீ கோயிலுக்குப் போகல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போகாம இரிக்கேலுமா மிஸ்? விடியவே போனான்" என்றாள். சொல்லி முடிக்க முதலே அவள் முகம் மாறிவிட்டது.

தவிசாளர் எழும்பிவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "இப்ப விளங்குதா மிஸ்? ஊரே பாத்துக்கொண்டிருந்த நாளில நான் கந்தோரில நிண்டனாம். ரெண்டும் ஒரே இடத்தில சோடிச்சது. ரெண்டையும் ஒண்டாக் கிழிச்சுப் போடுங்க."

வகுப்பறையில் இருந்த எல்லோரும் அதையே நினைத்தார்கள். சுபாஜினி மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியும், அந்தப் பொய்யோடு தன் கதையும் போய்விடும், வேலையும் திரும்பக் கிடைக்காது, பொய்க்காரி என்ற பெயர்தான் மிஞ்சும் என்று. நான் அமர்வை ஒத்திவைத்தேன்.

இந்த இடத்தில்தான் உங்களை நிற்கச் சொல்கிறேன். ஒரு பொய் அகப்பட்டதும் நமக்கு ஒரு வெற்றிக்களை வரும். கண்டுபிடித்துவிட்டோம் என்று. அந்தக் களையோடு பக்கத்தில் கிடக்கிற உண்மையையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவோம். எனக்கு என் பழைய குணம்தான் கைகொடுத்தது. இந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். எதிர்த்தரப்பு உறுப்பினர் செய்திருந்தால் இந்தத் திகதியைக் கொடுப்பாரா? வெளியூரான் என்றால் தெரியாமல் கொடுக்கலாம். அன்று கோயிலில் தவிசாளருக்குப் பக்கத்திலேயே நின்றவர் அவர். இந்த ஊரில் பிறந்த ஒருவர் குளிர்த்தி நாளை மறந்துபோய்ச் சொல்லியிருக்கவே முடியாது. தெரிந்துகொண்டுதான் யாரோ அந்த நாளைத் தேர்ந்திருக்க வேண்டும்.

ரஞ்சிதத்தைத் திரும்பக் கூப்பிட்டேன், எழுதுவினைஞர் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இப்படியான விஷயத்தில் ஒருவரோடும் தனியாகக் கதைக்காதீர்கள்.

"ஆர் புள்ள உன்னை அனுப்பினது?"

"அதமட்டும் கேக்காதீங்க மிஸ். என்ட வீட்டுக்கு இன்னும் கூரை போடல்ல. மாரி வரப்போகுது. மூண்டு புள்ளைகளோட தகரத்துக்குள்ள இரிக்கன்."

"பொய்யெண்டு பிடிபட்டா உன்ட கதி என்ன எண்டு நீ அவங்களிட்டக் கேக்கல்லையா?"

"கேட்டன் மிஸ். பிடிபட்டாலும் பரவாயில்ல, நீ போய்ச் சொல்லிப்போட்டு மட்டும் வா எண்டு சொன்னவங்க."

நான் பேனையை மேசையில் வைத்துவிட்டேன். தவிசாளரைக் கவிழ்க்க நினைக்கிற எவன் அப்படிச் சொல்வான்? அந்தச் சாட்சியே பிடிபடுவதற்கென்று அனுப்பப்பட்ட சாட்சி. அவள் பெயர் சொல்லமாட்டாள், நான் வற்புறுத்தவும் இல்லை. கூரையில்லாத பெண்ணை எந்த வாயால் வற்புறுத்துவது?

கவனியுங்கள். தவிசாளர்தான் அவளை அனுப்பினார் என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. உள்ளுக்குள் நம்பினேனா என்றால் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். கையில் ஆதாரம் இல்லை. இரண்டாவது முறைப்பாடு பொய், அனுப்பியது யார் என்று தெரியவில்லை என்று மட்டும் எழுதினேன். அதை அவருக்கு எதிராகவும் பாவிக்கவில்லை, சுபாஜினிக்கு எதிராகவும் பாவிக்கவில்லை. அவள் கதை அவள் காலில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்ச வேலை.

மூன்றாவது அமர்வுக்கு ஹசீனா வந்தார். காத்தான்குடிக்காரர், சபையில் வரிப்பணம் வாங்குகிற கருமபீடத்தில் பல வருசம் இருந்தவர். சுபாஜினி முதல் நாளே அவர் பெயரைச் சொல்லியிருந்தாள். அழைப்பு அனுப்பியும் அவர் ஒருமுறை வரவில்லை. இரண்டாவது அழைப்புக்கு வந்தார், முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.

"அண்டைக்கு அவ தவிசாளர்ட அறைக்குள்ளால வந்து என்ட பக்கத்தில குந்தினா. தேத்தண்ணி குடுத்தன், கோப்பையப் பிடிக்க ஏலாம கை நடுங்கிச்சு. என்னண்டு கேட்டன், சொன்னா. நான்தான் மிஸ் சொன்னன், வாயத் திறக்காத, இந்த மாசம் நிரந்தரமாக்கப் போறாங்க, கெடுத்துக்கொள்ளாத எண்டு."

அவரையும் நான் சந்தேகப்படத்தானே வேண்டும். "உங்களுக்கும் தவிசாளருக்கும் என்ன கோபம்?" என்று கேட்டேன்.

"என்ன கோபம்? எனக்கு வந்த இடமாற்றத்த நிப்பாட்டித் தந்ததே அவர்தான்."

தவிசாளர் ஒரு துண்டில் கேள்வி எழுதித் தந்தார்: நடந்ததைக் கண்ணால் கண்டீர்களா? அதைக் கேட்டேன்.

"இல்ல மிஸ். நான் அவட கையத்தான் கண்டன்" என்றார் ஹசீனா.

இப்போது எதிர்த்தரப்பு சொல்லிக்கொடுத்த கதை என்பது ஆட்டம் கண்டது. தவிசாளர் சொன்னபடி பார்த்தாலும் அந்த உறுப்பினர் சுபாஜினியைத் தேடிப் போனது வேலை நின்ற பிறகு. ஹசீனாவிடம் அவள் சொன்னது சம்பவம் நடந்த அன்றே. தவிசாளரும் அதை விளங்கிக்கொண்டார்.

"சரி மிஸ், வந்தவதான்" என்றார். "வேலைய நிரந்தரமாக்கித் தாங்க எண்டு அழுதுகொண்டு வந்தவ. கதவச் சாத்தினதும் அவதான்."

"அறைக்குள்ள வரவேயில்லை எண்டு முதல் சொன்னீங்க. ரெண்டில எதை நான் எழுத?"

அந்த இடத்திலேயே கோவையை மூடியிருந்தால் எல்லோரும் என்னை மெச்சியிருப்பார்கள். நான் மூடவில்லை. பதறுகிற நேரத்தில் குற்றமில்லாதவனும் உளறுவான். சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு வந்து ஆறுதலாகச் சொல்லுங்கள் என்று அவருக்குத் தவணை கொடுத்தேன். சுபாஜினி அன்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். கைவிட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள். என்றாலும் தவணையைத் திருப்பி எடுக்கவில்லை.

தவிசாளர் அடுத்த அமர்வில் வந்து, தனக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகமில்லை என்றார். அவர் தந்த சாட்சிகள் எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் சுனாமியில் அவர் செய்ததைச் சொன்னார்கள், ஒருவரும் அந்த நாளைப் பற்றிச் சொல்லவில்லை. அறிக்கையில் அவருடைய மூன்று பதிலையும் அப்படியே வைத்து, சுபாஜினியின் முறைப்பாடு நிறுவப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ரஞ்சிதத்தின் வீட்டு விஷயத்தில் இதைக் காரணம் காட்டி ஒருவரும் கை வைக்கக்கூடாது என்றும் ஒரு பந்தி சேர்த்தேன். பந்திக்கு மதிப்பிருந்ததா என்று கேட்டால், கூரை வர அடுத்த மாரியும் ஆனது.

தவிசாளர் மேலிடத்தில் முறையிட்டார். முறைப்பாட்டைக் காட்டவில்லை என்றார், காட்டியதற்குக் கையெழுத்து இருந்தது. பதில் சொல்ல நேரம் தரவில்லை என்றார், தவணை பதிவில் இருந்தது. விசாரித்தவள் சம்பந்தப்பட்டவள் என்றார், சம்மதம் சொன்னது அவரே. நான் இழுத்தடிக்கிறேன் என்று சந்தியில் நின்று ஏசினார்களே, அந்த இழுத்தடிப்பு ஒவ்வொன்றும் அன்று அந்தப் பிள்ளைக்குக் காவலாக நின்றது. அவருடைய பதவி போனது, சுபாஜினி பழையபடி அமைய ஊழியராக நூலகத்துக்குத் திரும்பினாள்.

அத்தோடு கதை முடிந்தது என்றால் உங்களுக்கு நான் இவ்வளவு நேரம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதிரையில் வந்து இருந்தவர் யார்? பட்டாசு உறுப்பினர். பதவி ஏற்றதும் சுபாஜினிக்கு ஆள் அனுப்பினார், தேர்தல் கூட்ட மேடையில் ஏறி நடந்ததை மைக்கில் சொல்ல வேண்டுமென்று. அவள் முடியாது என்றாள். "விசாரணையில சொன்னது வேல திரும்பக் கிடைக்கோணுமெண்டு. மேடையில சொல்லுறதுக்கில்ல" என்றாளாம். அவளோடு இருந்த மற்ற அமைய ஊழியர்களுக்கெல்லாம் நியமனம் வந்தது. அவளுடையது மட்டும் புதிய தவிசாளரின் மேசையிலேயே கிடந்தது.

என்னிடம் வந்தாள். நான் ஓய்வுபெற இருந்த நேரம். அழவில்லை. என்ன நடந்தது, யார் யார் முன்னால் என்று எழுதச் சொன்னேன், கேள்விப்பட்டதை எழுதாதே, அவனவன் மேல் உள்ள ஆத்திரத்தை எழுதாதே என்றேன். அவள் எழுதி மாகாண நிர்வாகத்துக்கு அனுப்பினாள். முறைப்படி அதன் பிரதி புதிய தவிசாளருக்குப் போனது.

பிரதி கிடைத்த கையோடு அவர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த முறை மோட்டார் சைக்கிள் இல்லை, வாகனம். முற்றத்தில் கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். கதையைச் சுற்றிச் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க மிஸ். இந்தப் புள்ளைக்குப் பின்னால ஆர் நிக்கிற? பழைய தவிசாளரா?"

"ஒருத்தரும் இல்ல" என்றேன். "அவருக்குப் பயந்தும் அவள் நிக்கல்ல, உங்களுக்குப் பயந்தும் நிக்கமாட்டாள். நீங்க உங்கட பதிலை எழுதிக் குடுங்க. அதையும் விசாரிப்பாங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கிழமையே சுபாஜினிக்கு நியமனக் கடிதம் கிடைத்தது.